மஜீகோனைத் தின்றவள்

1

இந்தக் கதை ஒரு டீக்கடைத் தட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்வெட்டில் பார்த்தாய், எந்த ஓலையில் படித்தாய் என்று பிறகு யாரும் கேட்டு வரவேண்டாம். கல்லூரியில் வரலாறு படிக்கப் போய் பாதியில் நின்றவன் நான். என்னிடம் ஆதாரம் கேட்பது ஐஸ்காரனிடம் நெருப்புக் கேட்பது மாதிரி.

ஐஸ்காரன் என்பதும் உண்மைதான். பர்மாவில், மாந்தலே நகரத்து ஐஸ் பேக்டரி ஒன்றில் இரவுக் காவல் எனக்கு. காலையில் வேலை முடிந்ததும் எதிரே இருக்கிற டீக்கடையில் போய் உட்காருவேன். அப்படி ஒருநாள் இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வேப்பமர நிழலுக்காகச் சண்டை போட்டார்கள். நிழல் நகர நகரச் சண்டையும் கூடவே நகர்ந்து கடைக்குள்ளே வந்துவிட்டது. கடைக்காரம்மா டோ டின் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். காலை நிழல் இவனுக்கு, மத்தியான நிழல் அவனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, ஊறவைத்த தேயிலையை, பொரித்த பூண்டும் எள்ளும் கடலையும் சேர்த்து, ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

“ரெண்டு பேரும் தின்னுங்க.”

ஒருவன் தின்றான். மற்றவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு வயிறு சரியில்ல.”

“இப்பத்தான என் கடையில ரெண்டு தட்டு நூடுல்ஸ் தின்ன. அந்த வயிறா?”

“அந்த வயிறுதான் சரியில்லங்கறேன்.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடையில் இருந்த எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். தேயிலையைத் தின்றவன் தீர்ப்பை ஏற்றுக்கொண்டவன், வழக்கு முடிந்தது. தின்னாதவரை முடியவில்லை. ராஜா காலத்து மன்றங்களிலும் இதே வழக்கம்தான். நாம் தேயிலையைக் குடிக்கிற சனம். இவர்கள் தின்று சண்டையைத் தீர்த்துக்கொள்கிற சனம்.

அந்தத் தட்டுக்கு முன்னால் ஒரு இளவரசியை உட்காரவைத்தால் என்ன என்று தோன்றியது.

2

இளவரசி எதற்கு? ஒரு சொல்லுக்காக.

பழைய பர்மாவில் ராஜா தன் சொந்தபந்தங்களுக்கு ஊர்களைக் கொடுப்பார். வரி அவர்களுக்கு. வழக்குத் தீர்ப்பது, வாய்க்கால் பார்ப்பது, போருக்கு ஆள் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அப்படி ஊரை ஆள்பவருக்கு மியோஸா என்று பெயர். மியோ என்றால் ஊர். ஸா என்றால் தின். படித்தவர்கள் இதை ஆளுநர் என்று மொழிபெயர்ப்பார்கள். நான் ஊர்தின்னி என்று மொழிபெயர்ப்பேன். நமக்கு அது வசவு, அங்கே அது பட்டம். “எந்த ஊரைத் தின்கிறீர்கள்?” என்று மரியாதையாகவே விசாரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெண்களும் ஊர் தின்றார்கள். ராஜாவின் தங்கைகள், மகள்கள், விதவையான மைத்துனிகள்.

ஒரு ஊரையே தின்கிறவள் ஒரு பிடி தேயிலையைத் தின்ன மறுத்தால்?

கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு உடுத்திவிட்ட லுங்கி.

அவள் பெயர் ஷின் மீ ஞோ. ஞோ என்றால் மாநிறம். ஊரின் பெயர் மஜீகோன், புளியமேடு. அவளை எந்த வம்சாவளியிலும் தேடாதீர்கள். நான் பெற்ற பெண்.

3

தொடக்கம் மட்டும் வரவேயில்லை.

[ஆவா நகர அரண்மனையின் பொற்கூரைகளில் அந்தி வெயில் –]

வேண்டாம். கதைகளில் வருகிற அரண்மனைகளில் அந்தி வெயிலைத் தவிர வேறு வெயிலே அடிப்பதில்லை.

[ஷின் மீ ஞோ தன் குடிமக்களைக் கண்ணின் மணிபோல –]

இதைப் படித்துவிட்டு நிலார் சிரித்தாள். நிலார் என் மனைவி, இந்த ஊர்க்காரி. அவள் பெயருக்கு நீலக்கல் என்று பொருள், என் பெயர் வைரம். நீலமும் வைரமும் குடியிருக்கிற வீடு, மழை வந்தால் ஒழுகும்.

“ஏன் கோ வைரம், இவளுக்கு வரி வருதா இல்லையா?” (கோ என்றால் அண்ணன். இங்கே மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.)

“வருது.”

“அப்புறம் என்ன கண்ணின் மணி? திங்கிறா, நல்லாத் திங்கிறா, அத விட மனசு இல்ல. அத எழுதுங்க.”

“வாசகருக்கு அவளப் பிடிக்கணுமே.”

“உங்களயே எனக்குப் பிடிச்சுதே. அதெல்லாம் தானா நடக்கும்.”

ஆகவே திருத்தி எழுதுகிறேன். ஷின் மீ ஞோவுக்கு மஜீகோனை ஆளப் பிடிக்கும். அவள் பேசத் தொடங்கினால் மண்டபம் அடங்கும். அது பிடிக்கும். அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வாசலுக்கு வரும் சத்தம் பிடிக்கும். தலைநகரான ஆவாவின் அரண்மனையில் அவள் ராஜாவின் பல தங்கைகளில் ஒருத்தி. அங்கே ஒரு நீளமான பாயில் தங்கைகள் வரிசையாக உட்கார்ந்து, வைத்ததைத் தின்றுவிட்டு எழுவார்கள். ஊரைத் தின்று பழகியவள் அந்தப் பாயில் போய் எப்படி உட்காருவாள்?

4

அவள் கணவன்தான் முதலில் மஜீகோனைத் தின்றவன். தெற்கே மோன் இனத்தாரோடு நடந்த போரில் யானையிலிருந்து விழுந்து செத்தான். (வாளால் வெட்டுப்பட்டுச் செத்ததாகத்தான் முதலில் எழுதினேன். யானையிலிருந்து விழுந்தவர்களை யாரும் பாடவில்லை. ஆனால் அவர்களும் நிறைய பேர் இருந்திருப்பார்கள்.) ராஜா, தாய் வேறான அண்ணன், ஊரைத் தங்கைக்கே கொடுத்தார். அவள் அணையைச் சரிசெய்தாள், வாய்க்கால் தூர்வாரினாள், வருஷா வருஷம் தின்றாள்.

இப்போது தீஹா வளர்ந்துவிட்டான். கணவனின் அண்ணன் மகன். பெயருக்குச் சிங்கம் என்று பொருள், ஆளும் அப்படித்தான் நடப்பான். ஒரு சண்டையில் நன்றாகப் போரிட்டுவிட்டு ராஜாவிடம் கேட்டான், சித்தப்பாவின் ஊர் எனக்கு வேண்டும் என்று.

ராஜாவுக்கு இருவரையும் பகைக்க விருப்பமில்லை. பஞ்ஞா என்கிற வயதான நீதிபதியைக் கூப்பிட்டார். முத்திரை வைத்த தீர்ப்பு ஒன்றும், அரக்குப் பெட்டியில் அரண்மனைத் தேயிலையும் கொடுத்தார். மஜீகோன் மண்டபத்தில் தீர்ப்பை வாசி, இருவரும் தின்னட்டும் என்றார். தீர்ப்பு என்ன என்று மஜீகோன் எருமைகளுக்குக்கூடத் தெரியும்.

தின்றால் ஊர் போய்விடும். தின்னாவிட்டால் ராஜாவின் சொல்லைத் துப்பியதாக ஆகும், யானைப்படை வரும். ஷின் மீ ஞோவுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மழை. மழை இறங்கினால் பாதை மூழ்கும். நீதிபதி பெட்டியோடு திரும்பிவிடுவார். மழை ஓய்ந்து அவர் மறுபடி வருவதற்குள் ராஜாவுக்கு வேறு கவலை வந்திருக்கும். ராஜாக்கள் மறப்பார்கள். அதை நம்பித்தான் பாதிப் பேர் ஊர் தின்றுகொண்டிருந்தார்கள்.

அதுவரை எப்படியாவது இழுக்கவேண்டும்.

5

தீஹாவும் நீதிபதியும் வந்து சேர்ந்த காலையில் அவள் மண்டபத்தில் ஒரு எருமை வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எருமை ங டவுக் என்பவனுடையது. அது மிதித்து உடைத்த வரப்பு மி பான் என்கிற பெண்ணுடையது.

(ங என்பது அந்தக் காலத்தில் சாதாரண ஆண்களின் பெயருக்கு முன்னால் போடுவது. தமிழில் அந்த எழுத்து தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இங்கே அதற்கு ஊர் முழுக்க வேலை.)

ஷின் மீ ஞோ தீர்ப்புச் சொன்னாள்.

“வரப்ப ஒடச்சது எருமை. எருமைக்கு மண்வெட்டி புடிக்கத் தெரியாது. அதனால டவுக்கு, நீ கட்டணும். உன் கையால. ஆள் வெக்கக்கூடாது. தண்ணி நிக்கற மாதிரி கட்டி முடிக்கற வரைக்கும் வேற எந்த வழக்கும் இந்த மண்டபத்துல பேசக்கூடாது.”

கடைசி வரி ங டவுக்குக்காகவே சொன்னது. அவன் ஒரு வழக்கில் தோற்றால் மறுநாளே அடுத்த வழக்கோடு வருகிறவன்.

தேயிலைத் தட்டு நடுவில் வைக்கப்பட்டது. ங டவுக் கூரையைப் பார்த்தான். அவன் தொடாமல் தான் தொடுவதில்லை என்று மி பான் கையைக் கட்டிக்கொண்டாள்.

“தின்னுடா டவுக்கு.”

“அந்த வரப்பு ஏற்கனவே இத்துப்போனதும்மா. என் எருமை சும்மா அதும்மேல யோசிச்சுகிட்டு நின்னுது.”

“எருமைன்னா யோசிக்கும்” என்றாள் மி பான். “வீட்ல ஒருத்தராச்சும் யோசிக்கணும்ல.”

அந்த நேரத்தில் தீஹா உள்ளே வந்தான். விடியலிலிருந்து குதிரை மேல் இருந்தவன். நீதிபதி மாட்டுவண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தார். தீஹா சம்பிரதாயமாக வணங்கிவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தான்.

“சித்தி, நல்லா இருக்கீங்களா? எளச்சுட்டீங்களே.”

[அவள் கால் விரலால் தட்டை அவன் பக்கம் –]

இந்த வரியைப் பார்த்ததும் நிலார் பேனாவைப் பிடுங்கினாள். “திங்கற தட்டக் காலாலயா? இளவரசி இல்ல, குடிகாரன்கூட செய்யமாட்டான்.” சரி. விசிறிக் காம்பால் தள்ளினாள் என்று எழுதிப் பார்த்தேன். தள்ளவேயில்லை என்றும் எழுதிப் பார்த்தேன். எது உண்மை என்று எனக்கும் தெரியாது. அவள் விசிறி அப்போது தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

தீஹா தட்டைப் பார்த்தான். வந்த விருந்தாளிக்குத் தேயிலை வைப்பதும் இங்கே வழக்கம்தான். கை நிறைய அள்ளி வாயில் போட்டு மென்றான்.

“பூண்டு கொஞ்சம் கருகிப்போச்சு” என்றான்.

மண்டபம் அடங்கியது. ஷின் மீ ஞோ பேசும்போதுகூட அப்படி அடங்கியதில்லை.

முதலில் விழித்துக்கொண்டவன் ங டவுக். தீஹாவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“மகராசனா இருங்க சாமி. வரப்பு கெழக்கால இருக்கு. மண்வெட்டி நானே தரேன்.”

6

பஞ்ஞா வண்டியிலிருந்து இறங்கி வருவதற்குள் உள்ளே சத்தம் பெரிதாகிவிட்டது. அவர் அரக்குப் பெட்டியைக் கக்கத்தில் வைத்தபடி விவரம் கேட்டார்.

“பசிக்குத் தின்னேன் பெரியவரே” என்றான் தீஹா. “தீர்ப்புன்னு யாருக்குத் தெரியும்? யாரோ ஒருத்தனோட எருமை, யாரோ ஒருத்தியோட வரப்பு.”

ஷின் மீ ஞோ விசிறியை மடியில் வைத்தாள்.

“அவன் சொல்றதும் சரிதான். தெரியாம தின்னா தீர்ப்புக் கட்டாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பெரியவரே. இப்பவே இவன விட்டுடறேன்.”

பஞ்ஞா வாயைத் திறந்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நாளைக்கு நாட்டில் தோற்றவன் எல்லாம் நான் பசிக்குத்தான் தின்றேன் என்பான். இந்த அம்மாளே இந்தப் பெட்டியைக் காலி செய்துவிட்டு அதையே சொல்வாள்.

“தின்னது தின்னதுதான்” என்றார் பஞ்ஞா.

“அய்யா, நான் ராஜா அனுப்பின ஆள்.”

“ராஜா அனுப்பின ஆள் கொஞ்சம் பொறுத்துத் தின்னுருக்கலாம் தம்பி.”

“அப்ப எருமையும் அவருக்குப் போயிடுமா?” என்று கவலையோடு கேட்டான் ங டவுக்.

“எருமை உன்னோடதுடா. வரப்பு மட்டும் அவரோடது.”

7

இனி சேறு. எனக்குப் பிடித்த பகுதி.

தீஹா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினான். மி பான் மேட்டில் உட்கார்ந்து [ஒரு சுருட்டைப் பற்றவைத்து –] இல்லை, புகையிலை இந்த நாட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள்.

“தம்பி, அது வரப்பா பாம்பா? இப்படி வளையுது?”

“எங்கப்பா யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க. அவருக்கு வரப்புக் கட்டத் தெரியுமா? தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க.”

அவன் கட்டுவான். தண்ணீர் திறப்பார்கள். உடையும். மறுநாள் மறுபடி கட்டுவான். நீதிபதி ஷின் மீ ஞோவின் வீட்டில் நல்ல மீன் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை. வரப்பு முடியாமல் அடுத்த வழக்கு பேசக்கூடாது என்பது தின்னப்பட்ட தீர்ப்பு. தெற்கே மேகம் கட்டத் தொடங்கியது. அவள் தினமும் வாசலுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் தீஹா திருந்தவேண்டும். சேற்றில் வேர்வை சிந்தி, உழைப்பின் அருமை உணர்ந்து, சித்தியின் காலில் விழவேண்டும். கதைகளில் சேற்றில் இறங்கியவன் எல்லாம் திருந்திவிடுகிறான். நானும் சேற்றில் இறங்கியிருக்கிறேன். கால் அரிக்கும். வேறு ஒன்றும் நடக்காது. தீஹாவுக்கும் கால் அரித்தது. இந்த ஊர் கையில் வந்ததும் இந்தப் பெண்பிள்ளையின் வயலுக்கு முதலில் தண்ணீரை நிறுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு காலை மி பான் மண்டபத்துக்கு வந்து நின்றாள். இந்த முறை வெற்றிலை இல்லை.

“அம்மா, அவரு கட்டறது நிக்காது. அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“என் நாத்து முத்திப்போச்சு. நட்டாகணும். வரப்பு இல்லாம வயல்ல தண்ணி நிக்கமாட்டேங்குது. நானே கட்டிடலாம்னா அவரு கையாலதான் கட்டணும்னு சொல்லிட்டீங்க.”

ஷின் மீ ஞோ வாசல் வழியாகத் தெற்கே மேகத்தைப் பார்த்தாள்.

“உங்களுக்கு மழை வரணும். எனக்கு அதுக்கு முன்னாடி நடணும். உங்க ஊரு உங்க கையில நிக்கறதுக்கு என் வயலத் திம்பீங்களா?”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாத்தான் பேசறேன். ஊர்ல எல்லாரும் உங்க பக்கம்தான். டவுக்கு என்ன சொல்றான் தெரியுமா? இந்தம்மா அறுத்தப்புறம் திங்கறவங்க, அந்தத் தம்பி வெதநெல்லையே கேப்பாருன்னு. இப்ப என் வெதநெல்லு வயக்காட்டுல கெடந்து காயுதே, இது யாரு திங்கறது?”

மூன்று முறை இந்தக் காட்சியை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மி பானைத் துரத்திவிட்டாள். ஒன்றில் நெல் கொடுத்து வாயை அடைத்தாள். ஒன்றில் அழுதாள், அதை உடனே கிழித்தேன். மூன்றிலும் மி பான் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ஷின் மீ ஞோதான் எழுந்தாள்.

வயலுக்கு நடந்து போனாள். மேட்டில் நின்றாள்.

“டேய் தீஹா. வெறும் மண்ண அள்ளி வெச்சா கரையாம என்ன செய்யும்? வைக்கோலப் போட்டு மிதி. மிதிச்சிட்டு அதும்மேல மண்ணு போடு. இந்தப் பக்கம் குதிகால வெச்சு அமுக்கு.”

“இத மொத நாளே சொல்லிருக்கலாம்ல சித்தி?”

“சொல்லிருக்கலாம்.”

சாயங்காலத்துக்குள் வரப்பு நின்றது. தண்ணீர் நின்றது. மழை இன்னும் வரவில்லை.

இதைத் தியாகம் என்று யாரும் குறித்துக்கொள்ளவேண்டாம். விளையாத வயலில் தின்ன என்ன இருக்கிறது? அவள் அந்தக் கணக்கைத்தான் போட்டாள் என்று நான் சொல்கிறேன். நிலார் இல்லை என்கிறாள். அந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.

8

மறுநாள் பெட்டி திறக்கப்பட்டது. பஞ்ஞா முத்திரையை உடைத்து வாசித்தார். மஜீகோன் தீஹாவுக்கு. தங்கை ஆவாவுக்குத் திரும்பவேண்டும்.

தேயிலை நடுவில் வைக்கப்பட்டது.

“இது எந்த வழக்குக்கு?” என்று கேட்டான் தீஹா.

“ஊர் வழக்குக்கு.”

“எருமை எதுவும் இல்லையே?”

“இல்ல தம்பி. தின்னுங்க.”

தீஹா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தின்றான். ஷின் மீ ஞோ ஒரு பிடி எடுத்தாள். மண்டபத்தின் ஓரத்தில் ங டவுக் இருந்தான், மி பான் இருந்தாள். மி பானின் கால்களில் நாற்று நட்ட சேறு காயவில்லை.

முடிவு ஒன்று: தின்றாள். ஆவாவுக்குப் போனாள். நீளமான பாயில் கடைசித் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: தட்டிலேயே திரும்பப் போட்டாள். யானைகள் வந்தன. வயல்களை மிதித்தன. ங டவுக் யானைகள் மேல் வழக்குப் போட்டான். கேட்க ஆளில்லை.

முடிவு மூன்று நிலாருடையது.

“வாயில போட்டுக்கட்டும். மெல்லட்டும். முழுங்கணும்னு யாரு சொன்னா?”

“எத்தன காலம் வாயிலயே வெச்சிருப்பா?”

“நான் உங்கம்மாகூட ஒரே வீட்ல இருந்தவ. வருஷக்கணக்கா வெச்சிருக்கலாம்.”

9

இன்று காலை டீக்கடைக்குப் போனேன். வேப்பமர நிழலில் இரண்டு வண்டிகளும் நின்றன, பாதி நிழலில், பாதி வெயிலில். வயிறு சரியில்லாதவனுக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை. டோ டின் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இருவரும் பிழைத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு எழுத மனமில்லை. தீர்ப்பை வாசித்துவிட்டேன், அதை மாற்றப் போவதில்லை. மஜீகோன் தீஹாவுக்கு. ராஜா சொன்னதும் அதுதான், நான் எழுதியதும் அதுதான். ஆனால் எதிர்த்தரப்பு தின்னாமல் தீர்ப்பு முடியாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் கையில் இருந்த பிடியை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்கள் தின்றால் அவள் வண்டி ஏறுவாள். நீங்கள் தின்னாதவரை மஜீகோனைத் தின்கிறவள் அவள்தான்.

அவசரமில்லை. பூண்டு இந்த முறை கருகவில்லை. ஆனால் ஒன்று. வேறு எதையோ யோசித்துக்கொண்டு, பசியில், கை தானாகத் தட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்றது தின்றதுதான்.